கோவில் பணத்தில் பி.சி.ஏ.

2021-இல் சென்னை கொளத்தூரில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பெயர் அருள்மிகு கபாலீசுவரர் கலை அறிவியல் கல்லூரி. பணம் மயிலாப்பூர் கோவிலுடையது. முதலில் வந்த படிப்புகள் நான்கு: பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணினி அறிவியல். பங்குனியில் அறுபத்து மூவரை ஊர்வலமாகக் கொண்டுவரும் கோவில் அது. அந்த வரிசைக்குள் ஒரு குயவரும் வண்ணாரும் மீனவரும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்க அந்த நான்கில் ஒரு வகுப்பு இல்லை.

விவகாரம் வழக்கானது. இந்து சமயக் கல்வியையும் தொடங்கச் சொன்னது உயர் நீதிமன்றம். ஒரு பக்கம், சமயத்தின் பக்கமே போகாதே. இன்னொரு பக்கம், சமயத்தைப் போதி. சமயத்தை ஒரு பாடமாகப் படிக்கலாமே என்ற பேச்சு இந்தச் சண்டையில் என் காதில் விழவே இல்லை.

கேட்டால் சட்டத்தைக் காட்டுவார்கள். அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது. சரியான விதிதான். ஆனால் சமயங்களைப் பற்றிப் படிப்பதற்கு அந்தப் பிரிவு தடையில்லை என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1963-இல் அரசுப் பள்ளிகளின் பைபிள் வாசிப்பை நிறுத்திய அதே தீர்ப்பு, சமயத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு விஷயம் என்றும் சொன்னது. அதன் பிறகுதான் அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் பெருகின. நாம் தடையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் துறைகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்துவம், இஸ்லாமியவியல். ஒவ்வொரு சமயத்துக்கும் ஓர் அறை. எல்லோரும் வந்து உட்கார ஒரு கூடம் இல்லை. அதுவும் முதுகலைக்கும் ஆய்வுக்கும். பதினெட்டு வயதில் ப்ளஸ் டூ முடித்து வருகிறவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

எனக்கு அந்தப் பதினெட்டு வயதுதான் முக்கியம். தாசில்தாராக, நிருபராக, வாத்தியாராகப் போகிறவர்கள் இளங்கலையோடு கிளம்பிவிடுகிறார்கள். நான் எஞ்சினியரிங் படித்தவன். நான்கு வருடத்தில் ஒரு பிரதியை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார் என்று யாரும் சொன்னதில்லை. ஆபீஸில் ஒரு வரி கோட் மாற்றினாலும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவோம். அதே நாங்கள்தான் காலேஜ் வாட்ஸ்ஆப் குழுவில் ‘ஐயாயிரம் வருடத்துக்கு முன்பே’ என்று வருவதை மறு யோசனை இல்லாமல் அனுப்பி வைக்கிறோம். நானும் அனுப்பியிருக்கிறேன். கல்லூரி சொல்லித்தராத பாடத்தை ஃபார்வர்டு சொல்லித்தருகிறது. கட்டணமும் இல்லை, பரீட்சையும் இல்லை.

பெரியார் மண்ணில் சமயத்துக்கு ஒரு பட்டமா என்று கேட்கும் தோழர்களுக்கு: பெரியார் ‘இராமாயணப் பாத்திரங்கள்’ எழுதினார். படிக்காமல் எழுத முடிகிற புத்தகமா அது? திட்டுவதற்கும் படித்திருக்கணும்.

அனுபவிக்க வேண்டியதை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்கும் பக்தர்களுக்கு: உங்கள் சிவஞான சித்தியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பரபக்கம் என்று ஒரு முழுப் பகுதி. மாற்றுச் சமயம் என்ன சொல்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அருணந்தி சிவாசாரியார் அதை மறுக்கப் போகிறார். மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். இந்தப் படிப்பு வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை. நாம்தான் கைவிட்டோம்.

கைவிட்டதன் விலை தெரிய வேண்டுமென்றால் டெல்லிப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ராமாயணங்கள் பல என்று சொன்ன ஏ.கே. ராமானுஜனின் கட்டுரையை 2011-இல் பி.ஏ. வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள். கம்பனை வைத்திருக்கும் நமக்கு, வால்மீகிக்கும் கம்பனுக்கும் வித்தியாசம் உண்டு என்பது ஒரு செய்தியா? ஆனால் அதை வகுப்பில் நிதானமாகப் படித்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தால்தான் ஒரு கட்டுரைக்காகக் குரல் எழும்.

‘வேலை கிடைக்குமா?’ எஞ்சினியரிங் முடித்துவிட்டு டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கும் ஊரில் இந்தக் கேள்வியைப் பண்பாட்டுப் படிப்பிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை.

கொளத்தூரிலேயே தொடங்கலாம். தேவாரத்தோடு நாகூர் கந்தூரியும், வேளாங்கண்ணியோடு அயோத்திதாசரின் பௌத்தமும், குலதெய்வத்தின் கிடாவெட்டும் ஒரே பட்டத்துக்குள். எல்லாச் சாதியும், எல்லா மதமும், மதமே வேண்டாம் என்பவர்களும் ஒரே வகுப்பில். முதல் வருடத்தின் முதல் வீட்டுப்பாடம்: உன் ஊர்த் தேர் எந்தத் தெரு வரைக்கும் போகிறது, எந்தத் தெருவுக்குள் போவதில்லை? நடந்து பார்த்து எழுதிக்கொண்டு வா.