சில்க் பெயின்டிங் கத்துக்கறீங்களா? அதுல சம்பாதிக்க அவசரப்படாதீங்க

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி: "ஒரு ஹாபி கத்துக்கலாம்னு இருக்கேன், அதுல சைட் இன்கம் வருமா?" கத்துக்கறதுக்கு முன்னாடியே வருமானம் கேட்டா எப்படிங்க? இந்தத் தடவை சில்க் பெயின்டிங்கை வச்சே கணக்குப் போட்டுடலாம். சமீபத்துல நான் முதல் தடவையா செஞ்சு பார்த்தது அதுதான்.

மெல்லிசான வெள்ளைப் பட்டுத் துணியை, அடியில மேஜை படாத மாதிரி, ஒரு சட்டத்துல இழுத்துக் கட்டணும். 'கட்டா'ங்கிற பிசின் மாதிரி திரவத்தால அவுட்லைன் போட்டுக் காயவிடணும். அப்புறம் சாயம் தொட்ட பிரஷ்ஷை நடுவுல லேசா வச்சா போதும், சாயம் தானா பரவி கோட்டுகிட்ட போய் நின்னுடும். கோட்டுல ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் அடுத்த கட்டத்துக்குள்ள கசிஞ்சிடும். அதனால முதல்ல துணியைத் திருப்பி வெளிச்சத்துல பாருங்க, கோடு பின்பக்கம் வரைக்கும் ஊறியிருக்கணும். (இதை பட்ஜெட் ஓட்டையோட ஒப்பிட்டு ஒரு டயலாக் விடலாம். வேண்டாம்.) சாயம் ஈரமா இருக்கும்போதே கல்லுப்பு கொஞ்சம் தூவினா, உப்பு ஈரத்தை இழுத்து பூ விரிஞ்ச மாதிரி டிசைன் வரும். எப்படி வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. நாள் பூரா எக்செல்ல டேலி பண்றவங்களுக்கு அது ஒரு தனி சுகம்.

சரி, பணத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு, ஒரு சின்ன ஸ்கார்ஃப்: துணி 300 ரூபாய், சாயத்துக்கும் கட்டாவுக்கும் 150, உங்க நேரம் 5 மணி. 900 ரூபாய்க்கு வித்தா மிச்சம் 450. அதாவது மணிக்கு 90 ரூபாய். உங்க சம்பளம் 40,000, மாசம் 22 நாள், தினம் 8 மணி நேரம்னா, ஆபீஸ்ல மணிக்கு சுமார் 227 வாங்கறீங்க. கூரியரும், "கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ளும் இதுல இன்னும் கழிக்கல.

அதே ஸ்கார்ஃபை விக்காம வச்சுக்கிட்டா? 450 ரூபாய்க்கு 5 மணி நேரம் போன் பார்க்காம உட்கார்ந்திருக்கீங்க. செலவு மணிக்கு அதே 90. மல்டிபிளெக்ஸ்ல டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்கின பில்லை எடுத்து ஒரு தடவை பாருங்க. பிசினஸா பார்த்தா தேறாத கணக்கு, பொழுதுபோக்கா பார்த்தா மலிவு. அதனால இதை முதலீடுன்னு சொல்லிக்காதீங்க. செலவுன்னே பட்ஜெட்ல எழுதுங்க, குற்ற உணர்ச்சி எதுக்கு?

ஆனா செலவுக்கு ஒரு எல்லை வேணும். பெரிய கிட்டை இஎம்ஐல வாங்கற வேலையே வேண்டாம். சிவப்பு, நீலம், மஞ்சள் இருந்தா மத்த கலரைக் கலந்துக்கலாம். சட்டத்துக்கு வீட்டுல இருக்கற எம்பிராய்டரி வளையம் போதும். ஆவியில வேக வச்சு நிறம் பிடிக்க வைக்கற சாயம் இப்போ வேண்டாம், அயர்ன் பண்ணினாலே பிடிச்சுக்கற பெயின்ட்டா கேட்டு வாங்குங்க. துணி, ஹபோடாய்னு விக்கற மெல்லிசு பட்டு. காஞ்சிபுரம் மாதிரி கனமான பட்டு ஆரம்பத்துக்குச் சரிப்படாது.

அதையும் மீறி தொடர்ந்து விக்க ஆரம்பிச்சீங்கன்னா, அது பிசினஸ் வருமானம். சம்பளக்காரங்க வழக்கமா போடற ஐடிஆர்-1 அப்போ செல்லாது, ஃபைல் பண்றதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட சொல்லிடுங்க.