விட்டுவிட்டால் பாவம் தீர்ந்ததா?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை. நடுநிசி. இடுப்பளவு அலையில் ஒருவர் நிற்கிறார். கையில் 10 அடி நீளக் கம்பு. கம்பில் நைலான் நரம்பு சுற்றிய சக்கரம்.

அவர் மீன் விற்றுப் பிழைப்பவர் அல்ல. பகலில் ஆபீசிலோ பட்டறையிலோ வேலை பார்ப்பவர். இரவில் பொழுதுபோக்குக்காக வந்திருக்கிறார்.

நியூயார்க் மாநிலத்தில் மாண்டாக், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட். இந்த ஊர்களில் இப்படிப் பல பேர் நிற்பார்கள். எல்லோரும் தேடுவது 'வரி பாஸ்' என்ற மீனை. வெள்ளி உடம்பு. அதில் தலை முதல் வால் வரை கறுப்புக் கோடுகள். ஆள் பாதி நீளத்துக்கு வளரும். 30 வயது வரைகூட உயிர் வாழும்.

உலோக மீன்!

நம் ஊரில் தூண்டிலில் மண்புழு கோர்ப்பார்கள். இவர்கள் கோர்ப்பது பொய் இரை. ஈயத்திலோ தகரத்திலோ வார்த்த சின்ன மீன். எடை 1 அவுன்சிலிருந்து 4 அவுன்ஸ் வரை இருக்கும். சிலர் ஈய உருண்டையில் மான் வால் மயிரைக் கட்டி வைப்பார்கள். தண்ணீரில் அது இறால்போல அசையும்.

இந்தப் பொய் இரை மிதக்காது. மூழ்கும். அதுதான் விசேஷம். எதிர்க்காற்றையும் கிழித்துக்கொண்டு தூரம் போகும். பெரிய மீன் கிடக்கும் அடித்தரைக்கே இறங்கும்.

ஆனால், வீசிவிட்டால் மட்டும் மீன் வந்துவிடுமா? வராது.

இரை தண்ணீரில் விழுந்ததும் மனசுக்குள் எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று... பத்தில் தரையைத் தொட்டால் நரம்பு தளரும். அடுத்த தடவை எட்டு எண்ணியதும் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அப்போதுதான் இரை தரையில் மாட்டாமல், தரைக்குச் சற்று மேலே நீந்தும்.

மெதுவாகச் சுற்ற வேண்டும். இறங்கும்போதும் நரம்பு விறைப்பாகவே இருக்க வேண்டும். பல மீன்கள் இரை இறங்கும்போதுதான் கவ்வும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. அலை வெள்ளையாக உடைகிற இடத்தில் கீழே மணல் மேடு. கறுப்பாகத் தெரிகிற இடத்தில் பள்ளம். மேடு அறுந்த இடத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். அந்த வாயில் பெரிய மீன் காத்திருக்கும். பல நேரம் கரையிலிருந்து சில கெஜ தூரத்திலேயே இருக்கும். தோள் பலத்தைக் காட்டி அதன் தலைக்கு மேலே வீசுகிறவருக்கு வெறுங்கைதான்!

மீன் மாட்டியதும் அலையே உதவும். அலை வரும்போது சுற்ற வேண்டும். அலை திரும்பும்போது நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். பிடிவாதம் பிடித்தால் நரம்பு அறுந்துபோகும்.

அழியப் பார்த்த மீன்

இத்தனை வித்தைக்கும் ஈடு கொடுக்கிற அளவு மீன் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

வரி பாஸ் கடலில் வளர்ந்தாலும் ஆற்றில் ஏறித்தான் முட்டை போடும். செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகள்தான் பெரிய பிறப்பிடம். 1970-களிலும் 1980-களிலும் அளவு கடந்து பிடித்ததால் இந்த மீன் வேகமாகக் குறைந்தது. 1984-ல் அமெரிக்கா தனிச் சட்டம் போட்டது. 1985-ல் மேரிலாண்ட் மாநிலம் இதைப் பிடிக்கவே கூடாது என்று தடை விதித்தது. தடை 1990 வரை நீடித்தது. 1995-ல், 'மீன் இனம் பிழைத்துக்கொண்டது' என்று அறிவித்தார்கள்.

ஆனால் 2019-ல் வந்த கணக்கெடுப்பு, 'மறுபடியும் குறைந்துவிட்டது' என்றது. 2023-ல் விதியை இறுக்கினார்கள். கடலில் ஒரு நாளைக்கு ஒருவர் ஒரு மீன்தான் எடுக்கலாம். அதுவும் 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறியதும் பெரியதும் கடலுக்கே போக வேண்டும். சிறியது இன்னும் வளர வேண்டும். பெரியது லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும் தாய்.

நல்ல விதிதான். ஆனால் இதிலே ஓர் ஓட்டை இருக்கிறது.

கணக்குப் போடுங்கள்

"நான் எல்லா மீனையும் விட்டுவிடுகிறேன். என்னால் என்ன கெடுதல்?" என்று பலர் கேட்கிறார்கள்.

விட்ட மீன் எல்லாம் பிழைக்காது. செவுளில் முள் குத்தி ரத்தம் கொட்டும். இழுபறியில் களைத்துப்போகும். கோடையில் தண்ணீர் சூடானால் இன்னும் மோசம். விடுகிற 100 மீனில் 9 செத்துப்போவதாக 2019 கணக்கெடுப்பில் நிபுணர்கள் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். முதலில் கிடைத்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தவர் கொன்றது 1 மீன். விடிய விடிய 30 மீன் பிடித்து 30-ஐயும் விட்டவர் கொன்றது ஏறக்குறைய 3 மீன்! முதல் ஆள் கொன்றதைக் குடும்பம் சாப்பிட்டது. இரண்டாவது ஆள் கொன்றது யாருக்கும் பயன்படவில்லை.

அப்படியானால் மீன் பிடிப்பதையே நிறுத்த வேண்டுமா? வேண்டாம். கரையோரக் கடைகளும் விடுதிகளும் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன. மீனுக்காகச் சட்டசபையில் முதலில் குரல் கொடுக்கிறவர்களும் இவர்கள்தான்.

மூன்று காரியம் செய்தால் போதும்.

ஒன்று: பொய் இரையில் உள்ள மூன்று கொக்கி முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளைப் போட வேண்டும். அதன் எதிர்முள்ளை நசுக்கிவிட வேண்டும். முள் சுலபமாகக் கழன்றுவிடும்.

இரண்டு: மீனைக் காய்ந்த மணலில் இழுக்கக் கூடாது. ஈரக் கையால் பிடித்து, தண்ணீரிலேயே விட வேண்டும். போட்டோவுக்காகத் தூக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அதற்கு மூச்சு முட்டும்.

மூன்று: விட்ட மீனையும் எண்ண வேண்டும். ஐந்தோ ஆறோ ஆனதும் கம்பைச் சுருட்டிவிட வேண்டும்.

முதல் இரண்டையும் பல பேர் செய்கிறார்கள். மூன்றாவதுதான் கஷ்டம். மீன் மேலும் மேலும் கவ்வும்போது யாருக்குக் கை நிற்கும்?

ஆனால், இரை இறங்கும்போது பத்து வரை பொறுமையாக எண்ணத் தெரிந்தவருக்கு, பிடித்த மீனை ஐந்து வரை எண்ணவா தெரியாது? பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டி வரும் அப்பாக்கள் முதல் நாளிலேயே இந்த இரண்டு எண்ணிக்கையையும் சொல்லிக்கொடுக்கட்டும்.