மிதிவண்டிக் கையேடும் பாதையின் உரிமையாளர்களும்

மலை மிதிவண்டிப் பாதைகளுக்குக் கையேடு தொகுப்போர் விரும்பிக் கையாளும் சொல் ‘கண்டுபிடிப்பு’. மார்டள்ளியைச் சூழ்ந்த மலைகளைப் பொறுத்தவரை அச்சொல் உண்மைக்குப் புறம்பானது. முன்னர் மைசூரு மாவட்டத்தில் இருந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கும் இவ்வூர், தமிழ் பேசும் மக்கள் மிகுந்தது. சுற்றியுள்ள காடு சோளகர்களின் வாழிடம். மாதேசுவரன் மலைக்கு நடந்து செல்லும் பக்தர்களும், கால்நடை மேய்ப்போரும், தேன் எடுப்போரும் காலங்காலமாக மிதித்து உருவாக்கிய தடங்களே இன்று சக்கரங்களுக்கு உகந்த ஒற்றையடிப் பாதைகளாகத் தெரிகின்றன. கைபேசியில் ஒரு கோட்டைப் பதிவு செய்வதனால் எவரும் அப்பாதைக்கு ஆசிரியராகிவிட முடியாது.

‘இருப்பதைப் பதிவு செய்வதில் என்ன தீங்கு?’ என்பார்கள். வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் இத்தடங்களை அறிந்திருந்ததே ஐயத்துக்குப் போதுமான காரணமாயிற்று. அதிரடிப்படையினரின் அத்துமீறல்கள் குறித்து நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் 89 பேருக்கு இழப்பீடு பரிந்துரைத்தது. எந்த அறிவுக்காக ஒரு தலைமுறை அடி வாங்கியதோ, அதே அறிவு இன்று ஒருவரின் ஓய்வுநேரச் சரக்காகிறது. அம்மக்களின் பெயர் நன்றியுரையில்கூட இடம்பெறுவதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபறிவின் மீது சமூகத்துக்குள்ள உரிமையை ஏற்கிறது. ஆகவே ஒப்புதல் கேட்பதைப் பெருந்தன்மையாகக் கருத இடமில்லை, அது கடமை.

மலை மாதேசுவரா காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அதனுள் பொதுச்சாலையை விட்டு விலகிச் செல்லும் வெளியாளுக்கு அனுமதி தேவை. இவ்விதியை வெறும் சிவப்பு நாடா என்று எள்ளுவோர் மிதிவண்டியின் இயல்பை மறக்கிறார்கள். நடப்பவரின் காலடியோசை விலங்கை முன்கூட்டியே எச்சரிக்கும். சரிவில் ஓசையின்றி விரையும் சக்கரம் எச்சரிப்பதில்லை. 2016இல் அமெரிக்காவின் மொன்டானாவில் கரடி மீது மோதிய மிதிவண்டியாளர் அக்கரடியாலேயே கொல்லப்பட்டார். இங்கே வளைவுக்கு அப்பால் நிற்பது யானையாக இருக்கலாம்.

அதற்காகக் காட்டை அடைத்துப் பூட்டுவதும் விடையாகாது. 2018 குரங்கணித் தீ விபத்துக்குப் பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்திய தமிழ்நாட்டு வனத்துறை, 2024இல் 40 வழித்தடங்களை அறிவித்து உள்ளூர் வழிகாட்டிகளை அமர்த்தியது. முறைப்படுத்தல் இயலும் என்பதற்கு அது சான்று. எனினும் அங்கும் முடிவெடுப்பது துறையே, கிராமசபை அன்று.

மார்டள்ளிக்குக் கையேடு வேண்டுமெனில் அதற்கு நிபந்தனைகள் உண்டு. எப்பாதை அச்சேறலாம், எது மறைந்தே இருக்க வேண்டும் என்பதைக் கிராமசபை முடிவு செய்யட்டும். பாறைக்கும் ஓடைக்கும் மக்கள் வழங்கும் பெயர்களே வரைபடத்தில் இடம்பெறட்டும். ஆங்கில அடைமொழிகள் வேண்டா. வருவாயில் வழிகாட்டிகளுக்கு உரிய பங்கு போகட்டும். சரணாலயத் தடங்கள் அனுமதியின்றி வெளியிடப்படக் கூடாது. ஊர்ச் சாலைகளும் வயல்வெளி மண்தடங்களும் மட்டுமே எஞ்சினால், கையேடு மெலிந்தே இருக்கட்டும். பிறருடைய பாதைகளைக் கேளாமல் எடுத்துத் தடிமனாகும் நூலைவிட அந்த மெலிந்த நூலே நேர்மையானது.