ஓடும் காரில் அணைந்த எஞ்சின்: குறையை மறைத்தவர்களும் பழியைச் சுமந்தவர்களும்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 பிப்ரவரியில் சுமார் 8 லட்சம் பழைய கார்களைத் திரும்ப அழைத்தது. ஆறேழு வாரங்களில் அந்த எண்ணிக்கை 26 லட்சமாக உயர்ந்தது. செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான், போன்டியாக் ஜி5 போன்ற நடுத்தரக் குடும்பங்களும் இளைஞர்களும் வாங்கிய விலை குறைந்த கார்கள் அவை. எல்லாவற்றிலும் இருந்தது ஒரே குறைதான். சாவி போடும் இடத்தில் உள்ள இக்னிஷன் ஸ்விட்ச், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாகத் திரும்பி எஞ்சினை அணைத்துவிடும். ஆரம்பத்தில் 13 மரணங்களைத்தான் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்னர் இழப்பீட்டு நிதியை நிர்வகித்த வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பெர்க் தகுதியானவை என்று ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124, காயங்கள் 275. வழங்கப்பட்ட தொகை சுமார் 59 கோடி டாலர்.

பத்தாண்டுக்கு முந்தைய அமெரிக்கச் செய்தி இப்போது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த வழக்கின் கோப்புகள் எல்லாம் வெளியே வந்து, நீதிமன்ற நடவடிக்கைகளும் பெரும்பாலும் முடிந்துவிட்டதால், எங்கே தவறு நடந்தது என்பதை இன்று முழுமையாகப் பார்க்க முடிகிறது. நம் நாட்டிலும் கார்களைத் திரும்பப் பெறும் அறிவிப்புகள் அடிக்கடி வருகின்றன. நம் குடும்பங்களில் பாதிப்பேர் ஓட்டுவது செகண்ட் ஹேண்ட் வண்டி. வாங்குவதும் விற்பதும் நம் மார்க்கத்தில் சட்டங்கள் உள்ள விஷயம். காரணம் இவ்வளவுதான்.

முதலில் அந்தக் குறையைப் புரிந்துகொள்வோம். சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று ஒரு பிடிப்பு இருக்கும். ஸ்விட்சுக்குள் இருக்கும் சிறிய ஊசியும் ஸ்பிரிங்கும்தான் அந்தப் பிடிப்பைத் தருகின்றன. இந்தக் கார்களில் அந்த ஸ்பிரிங்கின் பலம், நிறுவனமே வகுத்திருந்த அளவைவிடக் குறைவு. சாவிக்கொத்து கொஞ்சம் கனமாக இருந்தாலோ, சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ, ஓட்டுநரின் முழங்கால் இடித்தாலோ சாவி 'ரன்' நிலையிலிருந்து 'ஆக்ஸசரி' நிலைக்கு நழுவிவிடும். எஞ்சின் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங் இறுகும். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி போய்விடும். இவற்றோடு ஏர்பேகும் செயலிழந்துவிடும். கட்டுப்பாடு இழந்து மரத்தில் மோதும் அந்த நொடியில், உயிரைக் காக்க வேண்டிய பை விரியாது.

இது நிறுவனத்துக்குத் தெரியாமல் நடந்ததல்ல. அளவுக்குக் குறைவான ஸ்விட்ச் என்று தெரிந்தும் 2002இல் ஒரு பொறியாளர் அதற்கு ஒப்புதல் தந்தார். கோபால்ட் சந்தைக்கு வந்த காலத்திலேயே நிறுவனத்தின் ஊழியர்கள் ஓட்டிப் பார்த்தபோது முழங்கால் பட்டு வண்டி அணைந்தது. 2005இல் புதிய காரை ஓட்டிப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர்களும் இதை எழுதினார்கள். வண்டி அணைந்தாலும் ஓட்டுநரால் அதைக் கட்டுப்படுத்த முடியும், நியூட்ரலுக்கு மாற்றி மீண்டும் ஸ்டார்ட் செய்யலாம் என்று நிறுவனத்தின் பேச்சாளர் பதில் சொன்னார். சரிசெய்யும் யோசனைகள் உள்ளே பேசப்பட்டன. ஒரு காருக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு டாலருக்கும் குறைவு. ஆனாலும் வணிகக் கணக்குக்கு ஒத்துவராது என்று கைவிட்டார்கள்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது செலவுக் கணக்கைவிட ஒரு சொல். ஓடும் வண்டி அணைவதை அவர்கள் 'வாடிக்கையாளர் வசதி' சார்ந்த பிரச்சினை என்று வகைப்படுத்தினார்கள். 'பாதுகாப்புப் பிரச்சினை' என்று பதிந்திருந்தால் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்து வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கும். 'வசதி' என்று எழுதினால் அந்தக் கட்டாயம் இல்லை. 2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. சாவிக்கொத்தில் கனமான பொருட்களைத் தொங்கவிட வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள் என்றது அது. ஓடும்போது வண்டி நின்றுவிடும் என்ற நேரடியான சொல் அந்த அறிக்கையில் இடம்பெறவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தால் அரசின் கவனம் திரும்பிவிடும் என்ற அச்சம்தான் காரணம் என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது.

விசாரித்தவர் முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வாலுகாஸ். 2014 ஜூனில் வெளியான அவரது அறிக்கை, நிறுவனத்துக்குள் புழங்கிய இரண்டு சைகைகளைப் பதிவு செய்கிறது. ஒன்று 'ஜி.எம். தலையசைப்பு': கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள், வெளியே போனதும் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். மற்றொன்று 'ஜி.எம். சல்யூட்': கைகளைக் குறுக்கே கட்டி, விரல்களால் பக்கத்தில் இருப்பவர்களைக் காட்டுவது. பொறுப்பு என்னுடையதல்ல, அவனுடையது என்று பொருள். (நம் ஜமாஅத் நிர்வாகக் கூட்டங்களில் இந்த இரண்டையும் பார்க்காதவர்கள் கை தூக்கலாம்.)

2006இல் அதைவிடப் பெரிய காரியம் நடந்தது. அதே பொறியாளரின் ஒப்புதலோடு ஸ்விட்ச் மாற்றப்பட்டது. பலமான ஸ்பிரிங், நீளமான ஊசி. ஆனால் பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. ஒரு பாகத்தில் மாற்றம் செய்தால் அதற்குப் புதிய எண் கொடுப்பது இத்தொழிலின் அடிப்படை ஒழுங்கு. எண் மாறாததால் பழையதும் புதியதும் ஒரே பெயரில் கிடந்தன. பழைய கார்கள் மட்டும் விபத்துக்குள்ளாகின்றன, புதியவை ஏன் ஆவதில்லை என்று நிறுவனத்தின் விசாரணையாளர்களே ஆண்டுக்கணக்கில் குழம்பினார்கள். பாக அங்காடிகளில் கெட்ட ஸ்விட்சும் நல்லதும் கலந்துவிட்டதால், பழுதுபார்க்கும்போது நல்ல கார்களுக்கும் கெட்டது பொருத்தப்பட்டிருக்கலாம் என்ற நிலை வந்தது. அதனால்தான் பின்னாளைய மாடல்களையும் சேர்த்துத் திரும்ப அழைக்க நேர்ந்தது. கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்தது நிறுவனமும் இல்லை, அரசும் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் மகளை இழந்த ஒரு பெற்றோர் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்புப் பொறியாளர் பழைய ஸ்விட்சையும் புதிதாக வாங்கிய ஒன்றையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தார். எண் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

மதரஸாவில் வியாபாரப் பாடம் ஓதிய எவருக்கும் இந்த இடத்தில் மதீனாவின் கடைவீதி நினைவுக்கு வரும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டதும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. அந்த வியாபாரி மழையை வரவழைக்கவில்லை. தானியம் நனைந்தது அவர் குற்றமாகவும் சொல்லப்படவில்லை. ஈரத்தைக் கீழேயும் காய்ந்ததை மேலேயும் வைத்ததுதான் குற்றம். ஸ்விட்ச் பலவீனமாக வந்ததை ஒரு பிழை என்று மன்னிக்கலாம். அதே எண்ணின் கீழ் நல்லதை மேலே பரப்பியதை எந்தக் கணக்கில் வைப்பது?

மறைக்கப்பட்ட குறையின் விலையை இறந்தவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. டெக்சாஸில் ஓர் இளம்பெண் 2004இல் ஓட்டிச் சென்ற சாட்டர்ன் அயான் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. உடன் இருந்தவர், அவருக்கு நிச்சயிக்கப்பட்ட மணமகன், இறந்துபோனார். ஓட்டியவர் மீது வழக்கு. 2007இல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். தன் கையால்தான் அவர் இறந்தார் என்று அந்தப் பெண்ணே நம்பினார். விபத்துக்குக் காரணம் கார்தான் என்ற முடிவுக்கு நிறுவனம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே உள்ளாய்வில் வந்திருந்தது. யாரும் அவரிடமோ நீதிமன்றத்திடமோ சொல்லவில்லை. 2014 நவம்பரில்தான் நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். பத்து ஆண்டுகள்.

தான் செய்த தவறை நிரபராதி ஒருவர் மீது சுமத்துவதைக் குர்ஆன் தனிப் பாவமாகவே எண்ணுகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 105 முதல் 113 வரையான வசனங்கள் இறங்கிய பின்னணியைத் தஃப்ஸீர்களில் படித்தால், திருடிய ஒருவர் பழியை ஒரு யூதர் மீது போட்டதும், முஸ்லிம் என்ற பெயர் தாங்கியவரை இறைவன் காப்பாற்றாமல் அந்த யூதரின் நிரபராதத்தை வெளிப்படுத்தியதும் தெரியும். இங்கே நிறுவனம் விரலை நீட்டி அந்தப் பெண்ணைக் குற்றம் சாட்டவில்லை. வாய் மூடி இருந்தது, அவ்வளவே. பழி தானாகப் போய் அவர் தலையில் அமர்ந்தது.

நம் ஊர்களிலும் விபத்து நடந்த வீட்டில் மய்யித் எடுப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. தூங்கிவிட்டான், செல்போன் பார்த்திருப்பான், வேகம்தான். விசாரிக்காமல் சொல்லப்படும் இந்தப் பேச்சு, பிள்ளையை இழந்த தாயின் காதில்தான் போய் விழுகிறது. 2007இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒரு போலீஸ் அதிகாரி, இரு இளம்பெண்கள் இறந்த விபத்தை விசாரித்தபோது ஓட்டுநரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சாவி எந்த நிலையில் இருந்தது, ஏர்பேக் ஏன் விரியவில்லை என்று கேட்டு இரண்டையும் இணைத்து எழுதினார். நிறுவனத்தின் பொறியாளர்கள் பல ஆண்டுகள் பிடிக்காத முடிச்சை அவர் பிடித்தார். அந்த அறிக்கை நிறுவனத்தின் கோப்பிலேயே கிடந்தது.

எல்லாம் தக்தீர் என்று சொல்லிக் கடந்துவிடலாமா? மரணம் விதிக்கப்பட்டதுதான், சந்தேகமில்லை. ஆனால் பொதுவழியில் அத்துமீறிக் குழி தோண்டியவர், அதில் விழுந்து இறந்தவருக்குப் பொறுப்பாளி என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. விழுந்தது விதி என்று குழி தோண்டியவர் தப்பிக்க முடியாது. அமெரிக்கச் சட்டம் இந்தக் குழிக்கு என்ன செய்தது? 2014 மே மாதத்தில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. அன்றைய சட்டப்படி அதுவே உச்ச வரம்பு. (2007இலேயே விசாரணை தொடங்கும் யோசனை அந்த நிர்வாகத்தின் முன் வந்து, வேண்டாம் என்று விடப்பட்டது தனிக் கதை.) 15 ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2015 செப்டம்பரில் 90 கோடி டாலர் செலுத்தி, குற்ற வழக்கை ஒத்திவைக்கும் உடன்பாட்டுக்கு நிறுவனம் வந்தது. நிபந்தனைகளை நிறைவேற்றியதால் 2018இல் வழக்கு கைவிடப்பட்டது. தனிநபர் ஒருவர் மீதுகூடக் குற்றவழக்கு பதிவாகவில்லை.

2009இல் திவாலாகி அரசுப் பணத்தால் மீண்ட நிறுவனம் இது. பழைய கம்பெனி வேறு, நாங்கள் வேறு, அந்தக் காலத்துக் கார்களின் கடன் எங்களைச் சேராது என்றும் நீதிமன்றத்தில் வாதிட்டது. குறை தெரிந்தும் மறைக்கப்பட்டவர்களின் உரிமையைத் திவால் நடவடிக்கை அழித்துவிடாது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்தவரின் சொத்தில் வாரிசுகளின் பங்குக்கு முன் கடனை எடுத்து வைக்கப் பழகிய நமக்கு இந்தத் தீர்ப்பு விளங்க அதிக நேரம் ஆகாது.

இனி நம் வாசலில் நிற்கும் வண்டிக்கு வருவோம். காரை விற்கும்போது 'உள்ளது உள்ளபடி, பிறகு என்னைக் கேட்கக் கூடாது' என்று சொல்லி விற்கிறோம். அந்த நிபந்தனை எந்த அளவுக்குச் செல்லும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடு இல்லை. வாங்கியவருக்குப் பழைய குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை, 'கியாருல் ஐப்', இரு மத்ஹபுகளிலும் உண்டு. எப்போதாவது ரோட்டில் அணைந்துபோகும், ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்தால், அது வாங்குபவருக்கும் தெரிய வேண்டும்.

சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, கடை ஷட்டர் சாவி, ஆயத்துல் குர்ஸி பொறித்த பித்தளைத் தகடு என்று கால் கிலோ தொங்கவிடுபவர்கள் கார் சாவியைத் தனியாக எடுத்துவிடுங்கள். துஆ ஓதிக்கொண்டே ஓட்டலாம், தகடு பையில் இருக்கட்டும். ஓடும்போது வண்டி அணைந்துவிட்டால் சாவியைப் பிடுங்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், இரு கைகளாலும் பலமாகத் திருப்ப வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் மிச்சமிருக்கும் உதவியும் தீர்ந்துவிடும், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். நியூட்ரலுக்கு மாற்றி மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்த்து, ஓரம் கட்டுங்கள். பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் ஆர்.சி.யில் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. நிறுவனத்தின் திரும்பப் பெறும் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குத்தான் போகும். சேஸிஸ் எண்ணோடு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டால், உங்கள் வண்டிக்கு அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்த்துச் சொல்வார்கள். அப்படி இருந்தால் பழுதை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டியது அவர்கள் கடமை.

ஆனால் பழைய வண்டிகளுக்குச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இந்தியாவில் 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம்தான் குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அந்த உத்தரவு ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே பொருந்தும். அமெரிக்காவில் இலவசமாகச் சரிசெய்து தரும் கால வரம்பை 2015இல் 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக நீட்டினார்கள். 2005 மாடல் கோபால்ட் திரும்ப அழைக்கப்பட்டபோது அதற்கு வயது ஒன்பது. நம் நாட்டு விதி அங்கே இருந்திருந்தால் அந்தக் கார் கணக்கிலேயே வந்திருக்காது.