பாப்பாவுக்கு நீங்க வைக்கப்போறது ஒரு பேர் இல்ல, ரெண்டு! - அப்பா பெயர் ‘சர்நேம்’ ஆகும்போது கவனிக்க வேண்டியவை

பாப்பாவுக்குப் பெயர் தேடுறீங்களா? ஆப்ல ஒரு லிஸ்ட், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு லிஸ்ட், ஜோசியர் சொன்ன எழுத்துல ஒரு லிஸ்ட்னு போன் நிறைஞ்சிருக்கும். ஆனா, இந்த லிஸ்ட் எல்லாமே பாதிப் பெயரைத்தான் தருது. மீதிப் பாதி ஏற்கெனவே முடிவாகிடுச்சு. அது, குழந்தையோட அப்பா பெயர்.

‘நிலா’னு வைக்கிறீங்க. அப்பா கார்த்திக். வீட்டுல அவ நிலா. ஸ்கூல்ல ‘கே. நிலா’. பாஸ்போர்ட்ல ‘நிலா கார்த்திக்’. வெளிநாட்டு ஏர்போர்ட் கவுன்டர்ல? ‘மிஸ் கார்த்திக்’. அங்கே அவளைக் கூப்பிடுறது அவ அப்பாவோட பெயரைச் சொல்லி.

நமக்கு ஏன் இந்தச் சிக்கல்?

இந்தியாவின் பல மாநிலங்களில் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயரோ, சாதிப் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும். அது யாருடைய சொந்தப் பெயர் போலவும் ஒலிக்காது. தமிழ்நாட்டின் கதை வேறு. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த சில தலைமுறைகளில் நம்ம பெயர்களில் இருந்த வால் பெரும்பாலும் உதிர்ந்துபோச்சு. நின்னது இனிஷியலும் பெயரும்தான்.

ஊருக்குள்ள இது அழகா வேலை செய்யுது. ‘எஸ். கார்த்திக்’னா, எஸ் என்பது அவர் அப்பா செல்வம். யாருக்கும் குழப்பமில்லை. ஆனா, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே எழுத முடியாது, விரிச்சு எழுதணும். ‘சர்நேம்’ கட்டத்தில் எதை எழுதுறது? நம்மில் பலர் அப்பா பெயரை எழுதிடுறோம்.

இப்போ ஒரு குடும்பத்தோட பாஸ்போர்ட்டுகளை வரிசையா வைங்க. அப்பா: கார்த்திக் செல்வம். அம்மா: திவ்யா முருகேசன். மகள்: நிலா கார்த்திக். மூணு பேர், மூணு சர்நேம். அப்பாவுக்குச் சொந்தப் பெயரா இருக்கிற அதே ‘கார்த்திக்’, மகளுக்குச் சர்நேம். இந்த வழக்கம் தெரியாத அதிகாரிக்கு இவங்க ஒரே குடும்பம்னு சட்டுனு புரியாது. குழந்தையோட பயணம் போகும்போது பிறப்புச் சான்றிதழ் நகலையும் பையில் வைப்பது அதனால்தான் நல்லது.

சிங்கப்பூர் தமிழர்கள் பெயரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ இருக்கும். மலேசியாவில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’. இவருடைய மகன், இவருடைய மகள்னு அர்த்தம். எது சொந்தப் பெயர், எது அப்பா பெயர்னு அந்த ரெண்டு எழுத்தே சொல்லிடும். நம்ம பாஸ்போர்ட்டின் பெயர் வரியில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது.

ஆனந்தும் வாஷிங்டனும்

பெயர் வரிசை என்னவெல்லாம் செய்யும்னு பார்க்க, நமக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் போதும். விஸ்வநாதன் ஆனந்த். இவர் பெயர் ஆனந்த், அப்பா பெயர் விஸ்வநாதன். முன்னாடி இருப்பதே சொந்தப் பெயர் என்று எடுத்துக்கொண்ட செஸ் உலகம், அதைச் செல்லமாச் சுருக்கி ‘விஷி’ ஆக்கிடுச்சு. ஆக, உலகமே அவரைச் செல்லமாக் கூப்பிடுறது அவர் அப்பா பெயரைச் சொல்லி!

வாஷிங்டன் சுந்தர் கதை இதுக்கு நேர்மாறு. தன் கிரிக்கெட் ஆசைக்குத் துணை நின்ற பி.டி.வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவ வீரரின் நினைவாக, அப்பா சுந்தர் மகனுக்கு வைத்த பெயர் அது. கேட்கிறவங்களுக்கு ‘வாஷிங்டன்’ சர்நேம் மாதிரியும், ‘சுந்தர்’ சொந்தப் பெயர் மாதிரியும் இருக்கும். உண்மையில் உல்டா. கடைசிப் பெயரை மட்டும் போடும் இடங்களில் அவருக்கு வருவது அப்பா பெயர்.

அப்பா பெயர் முன்னாடி வந்தா ஒரு குழப்பம், பின்னாடி வந்தா இன்னொரு குழப்பம். பிரபலங்களுக்கு இது சுவாரஸ்யமான தகவல். விசா, டிக்கெட், யுனிவர்சிட்டி அட்மிஷன்னு நிற்கிற சாதாரண ஆளுக்கு இது அலைச்சல்.

இப்போ ஏன் கூடுதல் கவனம்?

முன்னாடியெல்லாம் பெயரில் குளறுபடி இருந்தா, பத்தாவது மார்க்‌ஷீட் வரும்போது பார்த்துக்கலாம்னு விடுவாங்க. இனி அந்தச் சௌகரியம் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கு. அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்கு ஸ்கூல் அட்மிஷன், ஆதார், வாக்காளர் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ்னு எல்லாத்துக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். 2025 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விதிகளும் இதே பாதைக்கு வந்துடுச்சு.

குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதியணும். அப்போ பெயர் முடிவாகலைன்னா பரவாயில்லை. 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதுக்கப்புறம் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை வாய்ப்பு இருக்கு. ஆனா, ஒருமுறை பதிவான பெயரை முழுசா மாத்துறது, எழுத்துப்பிழையைத் திருத்துற மாதிரி சுலபமில்லை. அதனால, அந்த முதல் வருஷத்தை அவசரமில்லாமல் யோசிக்கப் பயன்படுத்துங்க.

பதியுறதுக்கு முன்னாடி 5 டெஸ்ட்

1. திருப்பிப் போடுங்க: ‘ஆதவன் கார்த்திக்’, ‘கார்த்திக் ஆதவன்’. ரெண்டையும் சத்தமாச் சொல்லிப் பாருங்க. எங்கேயோ ஒரு ஃபார்மில் இது திரும்பத்தான் போகுது. திரும்பினாலும் உங்க பிள்ளையை அடையாளம் தெரியணும், கேலிக்கு இடம் தரக் கூடாது. அப்பா பெயர் குமார்னா, மகனுக்கு ‘அஜித்’னு வைக்கும் முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. ஆயுசுக்கும் ‘தல’ ஜோக்தான்.

2. இடைவெளியைக் கவனிங்க: அப்பா பெயர் ஆங்கிலத்தில் ‘சரவண’, ‘குமார்’னு தனித்தனியா இருந்தா, ‘குமார்’ மட்டும் சர்நேமாகி, ‘சரவண’ நடுப்பெயராகப் போய்விடலாம். குழந்தைக்கும் ரெண்டு சொல் பெயர் வெச்சா, மொத்தம் நாலு சொல். எது யாருடையதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அப்பாவுக்கு ரெண்டு சொல்னா, பிள்ளைக்கு ஒரே சொல் போதும்.

3. ஸ்பெல்லிங்கைப் பூட்டுங்க: ‘கார்த்திக்’கை ஆங்கிலத்தில் எழுதும்போது, கடைசியில் ‘கே’ மட்டும் போடுறவங்க உண்டு, ‘சி, கே’னு ரெண்டும் போடுறவங்களும் உண்டு. அப்பாவின் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கோ, அப்படியேதான் குழந்தையின் ஆவணங்களிலும் வரணும். அப்பா ஆதாரிலேயே தப்பு இருந்தா, முதல்ல அதைத் திருத்துங்க.

4. நீளத்தை எண்ணுங்க: பாஸ்போர்ட்டின் கீழே, மெஷின் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம்தான். சர்நேமுக்கும் சொந்தப் பெயருக்கும் நடுவில் ரெண்டு குறிகள் போயிடும். ‘வெங்கடசுப்பிரமணியன்’ ஆங்கிலத்தில் மட்டும் 18 எழுத்து வரும். தாத்தா பெயர் அவ்வளவு நீளம்னா, பாப்பா பெயர் சின்னதா இருக்கட்டும்.

5. கட்டத்தைக் காலியா விடாதீங்க: சர்நேம் இல்லாமலே நம்ம ஊரில் பாஸ்போர்ட் கிடைக்கும். சிக்கல் வெளியே போகும்போது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு அந்தப் பெயர் சர்நேமாகி, சொந்தப் பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்.என்.யூ’னு வரும். ‘முதல் பெயர் தெரியவில்லை’னு அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை அனுமதிக்க முடியாதுன்னு அறிவிச்சது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சிலருக்கு அனுமதி என்ற தளர்வு பிறகுதான் வந்தது.

அப்போ சாதிப் பெயரையே போட்டுடலாமா?

‘எதுக்கு இவ்வளவு தலைவலி? வடக்குல மாதிரி பின்னாடி ஒண்ணு சேர்த்துட்டா முடிஞ்சது’னு சொந்தக்காரங்க யாராவது ஐடியா கொடுப்பாங்க. ஃபார்ம் கேட்பது ஒரு சொல்லைத்தான், சாதியை இல்ல. ஒரு கட்டத்தை நிரப்பறதுக்காக, நம்ம தாத்தா பாட்டி கழற்றி வெச்சதைப் பிள்ளை பெயரில் திரும்பவும் மாட்ட வேண்டியதில்லை. அந்தப் பெயரோடு அவங்க கிளாஸ் ரூமுக்கும் இன்டர்வியூவுக்கும் போகணும்கிறதை மறக்காதீங்க. மேலே சொன்ன அலைச்சலைக் கொஞ்சம் திட்டமிட்டா தவிர்க்கலாம். சாதி தெரிஞ்ச பிறகு வர்ற பார்வையை எந்த ஃபார்மிலும் திருத்த முடியாது.

இன்னொரு கேள்வியும் இருக்கு. அந்தக் கட்டத்தில் ஏன் அப்பா பெயர் மட்டும்? 2016 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும். அம்மாவின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டுன்னு 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. ‘நிலா திவ்யா’வும் ஒரு பெயர்தான். அதுக்கும் இதே அஞ்சு டெஸ்ட் பொருந்தும். சில அம்மா அப்பாக்கள் ரெண்டு இனிஷியலும் வைக்கிறாங்க. அப்படின்னா, பாஸ்போர்ட்டில் எது சர்நேமாப் போகும்னு இப்பவே பேசி முடிவெடுங்க.

இன்னிக்கு ராத்திரி பாப்பா தூங்கினதும் ஒரு பேப்பர் எடுங்க. பிடிச்ச மூணு பெயரை எழுதி, ஒவ்வொண்ணோடும் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ சேர்த்து, முன்னும் பின்னுமா எழுதிப் பாருங்க. ஆங்கில ஸ்பெல்லிங்கையும் பக்கத்திலேயே குறிங்க. எப்படித் திருப்பினாலும் உங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கிற ஜோடியைப் பதிவு பண்ணுங்க.