வரப்போரம் வாழட்டும்

டெல்டாவில் வண்ணத்துப்பூச்சியைக் காப்பது பற்றிப் பேச்செடுத்தால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். அது மலைக்காட்டுச் சமாசாரம். இது நெல்லும் தென்னையும் விளையும் பூமி. நெல்லுக்குப் பூச்சி தேவையில்லை. வருகிற பூச்சியெல்லாம் பயிரைத் தின்னத்தான் வருகிறது. புதரை வளரவிட்டால் பாம்பு வரும். ஆசையென்றால் அரசாங்கம் ஒரு பூங்கா கட்டட்டும். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு காலம் செல்லுபடியாகிறது. பட்டுக்கோட்டை வட்டாரத்தை வைத்து அதை ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிப் பார்த்தால் மிஞ்சுவது வேறொன்று. இங்கே புதிதாகக் கட்ட வேண்டியது அதிகமில்லை. இருப்பதை எப்போது, எவ்வளவு வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த முடிவு ஊராரின் கையில் இருக்கிறது.

மலைக்காட்டு வாதத்தை முதலில் எடுப்போம். 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலை வாசிதான். அதைப் பட்டுக்கோட்டையில் தேடுவது வீண். ஆனால் ஒரு மறவனை வைத்து மொத்த இனத்தையும் மலையேற்றிவிட முடியாது. திருச்சி மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அது மலையல்ல, ஆற்றிடைச் சமவெளி. புழு தின்னும் செடியும் தேன் தரும் செடியும் ஓரிடத்தில் கிடைத்தால் பூச்சி தேடி வரும் என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வோர் இனத்தின் புழுவும் சில செடிகளை மட்டுமே தின்னும். வெந்தய வரியனுக்கு எருக்கு. கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும். மஞ்சள் சிறகுப் பூச்சிகளுக்குத் தகரையும் ஆவாரையும் கொன்றையும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து பல்லாண்டுகள் இடம்பெற்றிருந்த பூச்சிகளில் ஒன்றின் புழு, நாம் கடைந்து உண்ணும் பருப்புக்கீரையில் வளர்வது. இவற்றில் எது மலைச்செடி? எல்லாம் வாய்க்கால் மேட்டிலும் கொல்லைப்புறத்திலும் நிற்பவை, பல களை என்ற பெயரில். மலைப் பூச்சிகளுக்கும் சமவெளி வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்கு மலைகளிலிருந்து கிழக்குச் சமவெளிக்குக் கூட்டமாக இறங்கி, பின்னர் திரும்பும் நீல வரியன்களின் வலசை ஆய்வாளர்கள் பதிவுசெய்த ஒன்று.

அடுத்தது, நெல்லுக்குப் பூச்சி தேவையில்லை என்பது. இது முழு உண்மை, மறுப்பதற்கில்லை. நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். சம்பா அறுவடையை ஒட்டித் தெளிக்கும் உளுந்தும் அப்படித்தான். ஆனால் பட்டுக்கோட்டைக்காரர் வீட்டுக் கணக்கு நெல்லோடு முடிகிறதா? 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் சாய்த்துப் போட்ட தென்னைகளை எண்ணி அழுத பகுதி இது. நெட்டைத் தென்னையில் ஒரு பாளையின் ஆண்பூக்கள் உதிர்ந்து தீர்ந்த பிறகே பெண்பூக்கள் பக்குவப்படுகின்றன. ஆகவே மகரந்தம் பெரும்பாலும் வேறொரு மரத்திலிருந்து வரவேண்டும். அதைக் கொண்டுவருவது காற்றும் தேனீயும். பூசணி, பீர்க்கு, பாகல் எல்லாவற்றிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இடையே பூச்சி நடக்காவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். முருங்கையும் பூச்சியை நம்பிக் காய்ப்பதுதான். இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி எழும்: இதெல்லாம் தேனீயின் வேலையாயிற்றே, வண்ணத்துப்பூச்சி என்ன செய்கிறது? மகரந்தம் சுமப்பதில் அது தேனீக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மருந்தடிக்காத, ஆண்டு முழுதும் ஏதாவதொன்று பூத்திருக்கும் ஓரத்துண்டு நிலம் இரண்டுக்குமே வேண்டும். தேனீயின் வரத்துக் குறைவது கண்ணில் படாது. வண்ணத்துப்பூச்சி குறைந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிலத்தின் நலத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல உதவும் அடையாளம் அது.

புழு பயிரைத் தின்றுவிடும் என்ற அச்சத்துக்கு விவரமான பதில் வேண்டும். நெல்லை அழிக்கும் தண்டுத்துளைப்பானும் இலைச்சுருட்டுப்புழுவும், தென்னோலையைச் சுரண்டும் கருந்தலைப்புழுவும் அந்துப்பூச்சிகளின் பிள்ளைகள். வண்ணத்துப்பூச்சியின் வாரிசுகள் அல்ல. விதிவிலக்கு உண்டு. எலுமிச்சங்கன்றின் கொழுந்தைத் தின்னும் புழுவும், பயறுவகைக் காயைத் துளைக்கும் சிறு நீலப்பூச்சியின் புழுவும் வண்ணத்துப்பூச்சி இனமே. அவை பெருகும் இடத்தில் கையால் பொறுக்குவதை யாரும் தடுக்கவில்லை. அதற்காக எருக்கின்மேல் இருக்கும் புழுவைக் கொல்வதில் பொருளில்லை. பசியால் செத்தாலும் அது நெல்லைத் தொடாது. இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் நெல்வயல்களில் வரப்போரம் தேன்பூச் செடிகளை வளர்த்து நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2016-இல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் வந்தது. பூச்சிமருந்துப் பயன்பாடு 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 5 விழுக்காடு கூடியது. அந்தப் பூக்களின் தேனைக் குடித்து வாழும் ஒட்டுண்ணிக் குளவிகள் புகையானின் முட்டைகளை அழித்ததுதான் காரணம். தென்னையிலும் இதே பாடம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈக்கு ரசாயன மருந்து அடிக்க வேண்டாம், என்கார்சியா ஒட்டுண்ணியைக் காப்பாற்றுங்கள் என்பதே வேளாண் விஞ்ஞானிகளின் பரிந்துரை.

பாம்பும் எலியும் வரும் என்பதுதான் இருப்பவற்றில் வலுவான ஆட்சேபம். மண்வெட்டியோடு அதிகாலையில் வரப்பில் நடப்பவரின் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. வயலுக்குள் ஓடும் நடைவரப்பைச் சுத்தமாக வைப்பதே சரி. அகன்று புதர் மண்டிய வரப்பில் எலி வளை தோண்டும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே கேட்பது நடைவரப்பை அல்ல. கல்லணைக் கால்வாயின் கரை, ஏரிக்கரையின் வெளிச்சரிவு, சாலையோரம், தோப்பின் வேலியோரம், பள்ளி, கோயில் வளாகங்களின் மூலை: ஆள் காலடி படாத இவற்றில் ஒரு துண்டு போதும். எல்லாச் செடியையும் விட்டுவைக்கவும் வேண்டாம். சீமைக்கருவேலத்தையும் பார்த்தீனியத்தையும் வாய்க்காலை அடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வேரோடு எடுக்கலாம். வெட்டும்போது ஒரே நாளில் முழுக்க மொட்டையடிக்காமல், பாதியை இன்றும் மீதியை ஒன்றிரண்டு மாதம் கழித்தும் வெட்டினால் போதும். முட்டையிலிருந்து சிறகு முளைக்க வெந்தய வரியனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. அந்த இடைவெளி கிடைத்தால் ஒரு தலைமுறை தப்பும். களைக்கொல்லி இந்த இடைவெளியையே தருவதில்லை. எருக்கும் தகரையும் பருப்புக்கீரையும் ஒரே தெளிப்பில் கருகிவிடும்.

கடைசியாகப் பூங்கா. மேலூரில் 25 ஏக்கர் அளவில் இருப்பது நல்ல விஷயம். பார்க்க வேண்டிய இடம். ஆனால் அதைக் காரணம் காட்டிப் பட்டுக்கோட்டை கைகட்டி நிற்க முடியாது. பூங்கா என்றதும் நம் ஊர்களில் நினைவுக்கு வருவது இட்லிப்பூவும் உண்ணிச்செடியும் வரிசையாக நட்ட இடம். தேன்பூ மட்டும் இருப்பது, டீக்கடை மட்டும் இருக்கிற ஊர். குடிக்க வருவார்கள், குடியிருக்க மாட்டார்கள். குடியிருக்கப் புழுவுக்குச் செடி வேண்டும். ஆடுதின்னாப்பாளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு தொடாத அந்தக் கொடியின் நஞ்சைத் தின்று வளர்வதால் சிவப்புடல் அழகியைப் பறவை தின்பதில்லை. முன்பு சொன்ன கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை அதே சிவப்பையும் கறுப்பையும் வேடமாகப் பூண்டு பிழைக்கிறது. கொடி போனால் நஞ்சுள்ள பூச்சி போகும்; அது போனால் வேடதாரியின் வேடத்துக்கு மதிப்பில்லை. இந்தக் கொடி எந்த மேட்டில் இருக்கிறது என்பது ஆடு மேய்ப்பவருக்கும் நாட்டு வைத்தியருக்கும் தெரியும். அந்த அறிவை எழுதிவைக்கச் சட்டத்தில் இடமும் உண்டு. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். அந்தப் பதிவேட்டில் எந்தக் கரையில் எந்தச் செடி, எந்த மாதம் வெட்டலாம் என்ற இரண்டு விவரம் ஏறினால், புல் வெட்டப் போகும் ஆளுக்கு அதுவே உத்தரவாகிவிடும். இதற்குத் தனி நிதி வேண்டாம், அடிக்கல் நாட்டு விழாவும் வேண்டாம். வழக்கமாக வெட்டும் அதே அரிவாள், பாதிக் கரையோடு அன்றைக்கு நின்றால் போதும்.