வளைவதைச் சொல்லும் கம்ப்யூட்டர் உடைவதைச் சொல்லுமா?

மொபைலைச் சாய்த்தால் திரையும் திரும்புகிறது அல்லவா? அதற்கான சென்சாருக்குள் தலைமுடியை விட மெல்லிய சிலிக்கான் சட்டங்கள் வளைந்து கொடுக்கின்றன. காரில் ஏர்பேக்கை விரியச் செய்யும் சென்சாரிலும் இதே கதைதான். இந்தச் சட்டங்களில் எளிமையானது கேன்டிலீவர். ஒரு முனை சுவரில் பதிந்திருக்கும், மறுமுனை அந்தரத்தில் நிற்கும். உங்கள் வீட்டு சன்ஷேடைப் போல!

இதை வீட்டு கம்ப்யூட்டரிலேயே மாடல் செய்து பார்க்கலாம். கால்குலிக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர் போதும். அளவுகளைக் கொடுத்தால் நீலம், பச்சை, சிவப்பு என்று வண்ணப் படம் வந்துவிடும். வளைவைப் பொறுத்தவரை அந்தப் படத்தை நம்பலாம், கொடுத்த அளவு சரியாக இருந்தால். தடிமன்தான் இதில் வில்லன். 2 மைக்ரான் என்று டைப் செய்த சட்டம் நிஜத்தில் 1.8 மைக்ரானாக இருந்தால், அதன் விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடும். விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது என்பதே காரணம்.

ஆனால் எப்போது உடையும் என்று அதே படத்திடம் கேட்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. சட்டம் சுவரோடு சேரும் கூர்மையான உள்மூலையைப் பாருங்கள். மெஷ்ஷை இன்னும் பொடியாக்கி மறுபடி ரன் செய்தால் அங்கே ஸ்ட்ரெஸ் கூடும். மேலும் பொடியாக்கினால் மேலும் கூடும். கணக்குப்படி அந்த மூலையில் அது முடிவிலி! ஏதோ ஒரு மெஷ்ஷில் வந்த எண்ணை எடுத்து, "டிசைன் பாதுகாப்பானது" என்று புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம்?

நிஜத்தில் சட்டத்தை உடைப்பது மாடலில் இல்லாத ஒரு கீறல். கண்ணாடி இழை மெலிய மெலிய அதன் பலம் கூடுவதைப் பார்த்து, கீறல்தான் விஷயம் என்று கிரிஃபித் 1921-லேயே எழுதிவிட்டார். சிலிக்கானும் கண்ணாடி மாதிரிதான், முன்னறிவிப்பு தராமல் பட்டென்று முறியும். பரப்பில் சுமார் 60 நானோமீட்டர் ஆழக் கீறல் இருந்தால் 2 கிகாபாஸ்கல் வரை தாங்கும். கீறல் நான்கு மடங்கு ஆழமானால் பாதிதான் தாங்கும். ஒரே வேஃபரில் செய்த இரண்டு சட்டங்கள்கூட ஒரே விசையில் உடைவதில்லை. அதனால் பல சட்டங்களை நிஜமாக உடைத்துப் பார்த்து, வெய்புல் முறைப்படி "இந்த விசைக்கு நூற்றில் இத்தனை உடையும்" என்று சொல்வதே நேர்மையான பதில்.

சாப்ட்வேர் எழுதும் எங்கள் ஆட்களிடமும் ஒரு கேள்வி. எழுத்துப்பிழைக்கு அடியில் சிவப்புக் கோடு போடத் தெரிந்த நமக்கு, கூர்மூலையில் வரும் எண்ணுக்கு அருகே "மெஷ் மாறினால் இதுவும் மாறும்" என்று காட்டத் தெரியாதா?